பழைய ஸ்கீ பூட்ஸின் மஞ்சளைப் போக்கக் கிளம்பும் முன்

சோப்பு போட்டுத் துடைப்பது எப்படி என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பனிச்சறுக்குக்குப் போடும் இந்தப் பூட்ஸின் வெள்ளை ஷெல், அதாவது கெட்டியான வெளி ஓடு, மஞ்சளாகிவிட்டால், புதிதாக இதில் இறங்குகிறவர்கள் ஏனோ அதே பள்ளங்களில்தான் போய் விழுகிறார்கள்.

பெராக்சைடு பூசி வெயிலில் வைப்பது

பழுதுபார்க்க வரும் பூட்ஸ்களில் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பெராக்சைடு என்ற வெளுப்பு மருந்தால் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை வெளுக்க வைக்கிற முறை இது. அந்தப் பெட்டிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். சரிவில் இறங்கும் ஸ்கீ பூட்ஸின் ஷெல்லோ பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற வேறு பிளாஸ்டிக். அதை மஞ்சளாக்கியதில் பெரும்பங்கு வெயிலின் புற ஊதாக் கதிருக்கு. மறுபடியும் அதே வெயிலில், அதுவும் ஈரத்தோடு வைத்தால் என்ன ஆகும்? ஈரமும் இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அதன் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். காலில் போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் இது நடந்துகொண்டே இருக்கும்.

சரி, வெளுத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். எனக்குப் பயம் அப்போதுதான். மஞ்சள் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். சங்கிலி அறுபடுவது உள்ளே. அது கண்ணில் படாது. ஒரு இளைஞர் பளிச்சென்று வெளுத்த பூட்ஸைப் பழையது என்றே தெரிந்து வாங்கினார். குளிர் கடுமையாக இருந்த ஒரு காலையில் பக்கிளை இறுக்கியதும், அதை ஷெல்லோடு பிணைக்கும் ஆணியான ரிவெட்டைச் சுற்றி ஷெல் பிளந்தது. மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கான வரிசையில் நிற்கும்போது நடந்ததால் தப்பித்தார். வேகமாக இறங்கும்போது பிளந்திருந்தால் காலின் கதியே வேறு.

ஆகவே நிறத்தைத் தொடும் முன் ரிவெட், பக்கிள், கணுக்கால் மடிப்பு ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல், பிசுபிசுப்பு, ஓரம் உதிர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஜோடி அலங்காரத்துக்குத்தான். ஒன்றும் தென்படவில்லை என்றாலும், ரொம்பப் பழைய ஷெல்லை நான் பனியில் நம்ப மாட்டேன். நல்ல ஷெல் மஞ்சளாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே!

அசிட்டோன்

நெயில் பாலிஷ் அழிக்கிற அந்தத் திரவம் வேண்டவே வேண்டாம்.

பெயின்ட் அடிப்பது

ஷெல் ஒவ்வொரு திருப்பத்திலும் வளையும். அதோடு வளையாத பெயின்ட் செதில் செதிலாக உரியும். காட்சிக்கு வைக்கிற ஜோடி என்றால் உங்கள் இஷ்டம். காலில் போடுவதாக இருந்தால், பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் கவ்வி) கவ்வுகிற, பூட்ஸின் முனையிலும் குதிகாலிலும் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. அந்த இடங்களின் அளவுகளை ஐஎஸ்ஓ 5355 என்ற சர்வதேசத் தரநிலை வரையறுக்கிறது. விழும்போது பைண்டிங் சரியாக விடுவிப்பது அந்த அளவையும் வழுக்கலையும் நம்பித்தான்.

ஹீட் கன்

மஞ்சள் போகாது. ஷெல் கோணலாகும்.

கறுப்புத் தடத்தை நிறமாற்றம் என்று நினைப்பது

மற்ற பூட்ஸ் உரசியதாகவோ ரப்பர் விரிப்பு ஒட்டியதாகவோ இருக்கலாம். மெலமைன் ஸ்பாஞ்சால் அழுத்தாமல் தேய்த்துப் பாருங்கள். அது மெல்லிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும் என்பதால் பளபளப்பு கொஞ்சம் மங்கும். முதலில் உட்பக்கம் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் வெளியே வாருங்கள்.