நாயோடு மலையில் டென்ட் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

முழுப்பரீட்சை முடிந்ததும் வேலூர் வீடுகளில் ஏலகிரிப் பேச்சு ஆரம்பித்துவிடும். இப்போது அங்கேயும் ஜவ்வாது மலையிலும் பட்டா நிலங்களில் டென்ட் போட்டுக் கொடுக்கிறார்கள். கட்டில், மெத்தை, மின்விசிறி வைத்த சொகுசுக் கூடாரங்களும் உண்டு. "மணியையும் கூட்டிக்கிட்டுப் போலாம்பா" என்று பிள்ளைகள் கேட்டால் மறுக்க மனசு வராது. தாராளமாகக் கூட்டிப்போகலாம். எங்கள் நாய் மணி ஆறு தடவை மலை ஏறியிருக்கிறான். ஆனால் முதல் இரண்டு தடவை நாங்கள் செய்த தவறுகளுக்கு அவன்தான் வலி பட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும் மாதத்திலேயே தவறு தொடங்கிவிடுகிறது. மே மாதம் அக்னி நட்சத்திரம், வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏலகிரி ஆயிரம் மீட்டர் உயரம் என்பதால் ராத்திரி குளுமையாக இருக்கும், ஆனால் மத்தியானம் டென்ட் துணிக்குள் அனல் அடிக்கும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடல் சூடு 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவிடுவதே பாடு, அவற்றைக் கோடையில் வெளியே கூட்டிப்போகவே வேண்டாம். எச்சில் பிசுபிசுவென்று வடிந்து, நாக்கு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் உடனே நிழலில் படுக்கவைத்து உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். கொஞ்சம் தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். மழை விட்டபின், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போவதுதான் நல்லது. அப்போது ராத்திரிக் குளிர் கடுமை, வயசான நாய்க்கு ஒரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வழி. வேலூரிலிருந்து ஏலகிரிக்குப் போகிறவர்கள் ஆம்பூரில் பிரியாணிக்கு நிற்காமல் போவதில்லை. "பாவம், அதுவும் சாப்பிடட்டும்" என்று இலையில் மிச்சமானதை வைப்பது பாசம்தான். ஆனால் வெந்த எலும்பு நாயின் வயிற்றுக்குள் சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். மசாலாவில் வதங்கிய வெங்காயமும் தயிர்ப் பச்சடி வெங்காயமும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ரோட்டோரத்தில் வாங்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டுச் சாப்பாட்டையே டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள். அதையும் கிளம்புவதற்கு மூன்று, நாலு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில், வயிறு நிறைந்த நாய் பெரும்பாலும் வாந்தி எடுக்கும். வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களில், போகிற வழியில் அமிர்தி உயிரியல் பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். அங்கே நாயை உள்ளே கூட்டிப்போக முடியாது. "பத்து நிமிஷம்தானே" என்று வண்டியில் பூட்டிவிட்டுப் போவார்கள். வெயிலில் நிற்கும் கார் அந்தப் பத்து நிமிஷத்தில் அடுப்பாகிவிடும். கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வைப்பதால் எதுவும் மாறாது. இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, "காடுதானே, ஃப்ரீயா ஓடட்டும்" என்று சங்கிலியை அவிழ்த்துவிடுவது. நாங்கள் அதைத்தான் செய்தோம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு சாமை வயலை ஒட்டிய டென்ட். சாயங்காலம் மணி எதையோ மோப்பம் பிடித்துப் புதருக்குள் பாய்ந்தான், திரும்பி வரவில்லை. காவலூரில் வானாய்வகம் கட்டியதற்கு ஒரு காரணம் அந்த மலையின் இருட்டு. அந்த இருட்டில் பழுப்பு நாயைத் தேடுவது என்ன பாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. ஒன்பது மணிக்கு மேல் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் துண்டையே கயிறாக்கி அவனைக் கட்டி இழுத்து வந்தார். அவனுடைய பின்னங்காலில் கம்பி அறுத்த காயம், எலும்பு வரைக்கும் போகவில்லை.

"நாயை அவுத்து வுடாதீங்க சார். பன்னிக்கு கண்ணி வெச்சிருப்பானுங்க, அவுட்டுக்காய் வெச்சிருப்பானுங்க. பாவம், இது வாயில்லா ஜீவன். மோந்து பாத்துட்டு வாயில வெச்சிடும்" என்றார்.

அவுட்டுக்காய் என்பது காட்டுப் பன்றிக்காகத் திருட்டுத்தனமாக வைக்கும் நாட்டுவெடி. கறியோ கொழுப்போ தடவி வைத்திருப்பார்கள். கடித்தால் தாடையே சிதறிப்போகும். மாடுகள்கூட அப்படிச் செத்திருக்கின்றன. சில வயல்களில் பன்றிக்காகக் கள்ளத்தனமாக மின்வேலியும் போடுகிறார்கள். இதெல்லாம் சட்டவிரோதம். ஆனால் சட்டம் இருப்பது நம் நாய்க்குத் தெரியாது. கரடியும் இந்த மலைகளில் உண்டு. குடியாத்தம் பக்கத்துக் காடுகளில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது, சிறுத்தைக்கு நாய் எளிய இரை. ராத்திரியில் நாயை டென்டுக்கு வெளியே கட்டிவைப்பதும் தவறுதான். அது உங்களோடு உள்ளேயே தூங்கட்டும்.

நாயால் மற்றவர்களுக்கு வரும் கெடுதலையும் யோசிக்க வேண்டும். இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஆடும் கோழியும்தான் கையிருப்பு. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவை வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள். ஓடுகிற ஆட்டைப் பார்த்துவிட்டால் அதற்கு உங்கள் குரல் காதில் விழாது. காப்புக்காடு என்று பலகை இருந்தால் அனுமதியில்லாமல் அதற்குள் கூடாரம் போடக் கூடாது, நாயையும் விடக் கூடாது. 2018இல் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்றது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ்தான். தடுப்பூசி போடாத நாயைக் காட்டோரம் கூட்டிப்போவது அங்குள்ள நரிக்கும் நல்லதல்ல.

தடுப்பூசி என்றதும் இன்னொன்று. கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு, மூன்று வாரமாவது ஆகும். வெறிநாய்க்கடி ஊசியோடு எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று புத்தகத்தைப் பாருங்கள். எலி மூத்திரம் கலந்த குட்டை நீரிலிருந்து அது பரவும். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே கேனில் கொண்டுபோங்கள்.

பாம்பு. நாய் மோப்பம் பிடிக்க முகத்தைத்தான் முதலில் நீட்டும். அதனால் கடி பெரும்பாலும் மூஞ்சியிலோ முன்னங்காலிலோ விழும். கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அது நாய்க்கும் வேலை செய்யும். ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவரிடமும் இருப்பு இருக்காது. யாரிடம் இருக்கிறது, ராத்திரியில் வருவாரா என்று கிளம்புவதற்கு முன்பே போனில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1962க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்று மட்டும் நம்பி மலை ஏறாதீர்கள்.

டென்ட் புக் பண்ணும்போது "நாய் வரலாமா" என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். "நாய் எங்கே தூங்கும்?" என்று கேளுங்கள். கொட்டகையில் கட்டச் சொல்வார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். அந்த இடத்துக்கென்று நாய் இருக்கிறதா, வேலி உண்டா என்றும் கேளுங்கள்.

கடைசியாக உண்ணி. புல்லில் காத்திருந்து ஏறும், மிளகு அளவுகூட இருக்காது. எங்கள் இரண்டாவது பயணத்தில் அதைத்தான் கோட்டைவிட்டோம். வீட்டுக்கு வந்து பன்னிரண்டாம் நாள் மணி சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். உண்ணிக் காய்ச்சல். ஒரு மாதம் மாத்திரை கொடுத்துத்தான் மீட்டோம். உண்ணி மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தினமும் சாயங்காலம் காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மண்ணெண்ணெய் தடவ வேண்டாம், தோல் வெந்துவிடும். சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். திரும்பி வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து மூன்று வாரம் கவனியுங்கள். நாய் சோர்ந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக "மலைக்குப் போயிட்டு வந்தோம்" என்று சொல்லுங்கள்.