மொட்டைமாடி சோலார்: கணக்கு எங்கே பிசகுகிறது?

ஈபி பில்லில் கட்டிய தொகையை யூனிட்டால் வகுத்து, 'யூனிட்டுக்கு ஏழு ரூபாய் விழுகிறது, சோலார் போட்டால் யூனிட்டுக்கு ஏழு ரூபாய் மிச்சம்' என்று முடிவுக்கு வருவதுதான் தமிழ்நாட்டில் பலரும் செய்யும் முதல் தவறு. நம் மின்கட்டணத்துக்கு அந்தச் சராசரி உதவாது. 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் முடித்தால் அடுத்த நூறு சுமார் 2.35 ரூபாய், 400 வரை 4.70, அதன்பின் 6.30. 500ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகையும் போய்விடும். மேலே போகப் போக யூனிட் 8.40, 9.45, 10.50 என்று ஏறி, ஆயிரத்துக்கு மேல் 11 ரூபாயைத் தாண்டும். ஈபியிலிருந்து எடுத்த யூனிட்டில் சோலார் கொடுத்த யூனிட்டைக் கழித்துக் காட்டுவது நெட் மீட்டர். அதில் சோலார் யூனிட் கழிவது இந்த மேல்தட்டிலிருந்துதான். ஆகவே மேல்தட்டில் இருப்பவருக்குச் சோலார் தங்கம், கீழ்த்தட்டில் இருப்பவருக்கு அலங்காரம்.

எண்களைப் போட்டே பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் நிழல் விழாத ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். மானியத்துக்குத் தகுதியான பேனல்களுடன் கிலோவாட்டுக்குச் சுமார் 65,000 முதல் 70,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓட்டும் வீட்டின் பில் சுமார் 6,870 ரூபாய். 3 கிலோவாட் போட்டால் 720 யூனிட் கழிந்து 280தான் மிஞ்சும். பில் 610 ரூபாய்க்கு இறங்கும். ஆண்டுக்கு 37,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இரண்டு லட்சம் செலவில் மத்திய அரசின் 78,000 மானியம் போனால் கைப்பணம் ஒன்றேகால் லட்சத்துக்குள். மூன்றரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்.

400 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு வாருங்கள். பில்லே 1,175 ரூபாய்தான். 2 கிலோவாட் போட்டு அதைப் பூஜ்யமாக்கினாலும் ஆண்டு மிச்சம் 7,050. மானியம் 60,000 போக 75,000 ரூபாய் கையிலிருந்து போகும். பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும், அதற்குள் பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற வேண்டிவரலாம். இவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஏர் கண்டிஷனரோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் திட்டம் இருந்தால் கணக்கு மாறும்.

இரண்டாவது தவறு இதே கணக்கின் மறுபக்கம்: 'மாடியில்தான் இடம் இருக்கிறதே, இன்னொரு கிலோவாட் சேர்த்துப் போடுங்கள்' என்பது. மேலே சொன்ன 1,000 யூனிட் வீட்டில் நாலாவது கிலோவாட் என்ன செய்யும்? மிச்சமிருக்கும் 280 யூனிட்டை 40 ஆக்கும். அந்த 40 எப்படியும் இலவசம். ஆக, கூடுதலாகக் கிடைப்பது இரண்டு மாதத்துக்கு 610 ரூபாய். மானியமோ 3 கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது: முதல் இரண்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதற்கு மேல் சுழி. அந்த நாலாவது கிலோவாட்டின் காசு திரும்ப 17 ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குக் கீழே கொண்டுபோகச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

மாடி வீட்டுக்காரர்கள் தவறவிடும் ஒன்று: கீழ்த்தளத்துக்கு ஒரு சர்வீஸ் (மின் இணைப்பு), மேல்தளத்துக்கு ஒரு சர்வீஸ் என்று இருந்தால், நெட் மீட்டர் பொருத்தும் சர்வீஸின் பில் மட்டும்தான் குறையும். இரண்டு பில்லையும் கூட்டி 900 யூனிட் என்று அளவு முடிவு செய்தால், ஒன்றில் யூனிட் தேவைக்கு மேல் வழியும், மற்றதில் வழக்கம்போலப் பணம் கட்டுவீர்கள். கடைசி ஆறு பில்களை, அதாவது ஓர் ஆண்டுக் கணக்கை, சர்வீஸ் வாரியாக எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். வெயில்கால பில் ஒன்றை மட்டும் வைத்து அளவு சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். சோலார் உற்பத்தி செய்யும் யூனிட்டுகளுக்கு, ஈபி லைனைப் பயன்படுத்துவதற்கான வலையமைப்புக் கட்டணம் உங்கள் இணைப்புக்கு எவ்வளவு வரும் என்பதையும் பிரிவு அலுவலகத்தில் கேட்டு மிச்சத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

நிழல்

'ஓர் ஓரத்தில் கொஞ்ச நேரம்தான் விழும்' என்று விட்டுவிடும் நிழல்தான் உற்பத்தியை அதிகம் தின்கிறது. பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றின் மின்னோட்டம் குறைந்தால் வரிசையே தள்ளாடும். நிழல் பட்ட பகுதியைச் சுற்றி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டையோடுகள் ஓரளவு காப்பாற்றும், முழுக்க அல்ல. மாடிப்படி ஹெட்ரூம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை மூன்றையும் டிசம்பரில் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் பாருங்கள். அப்போதுதான் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் வடக்கே நீளும். சென்னையில் 10 அடி ஹெட்ரூமின் நிழல் டிசம்பர் நண்பகலிலேயே ஏழடிக்கு மேல் போகும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்குப் பக்கமும் விழும். இதை யாரும் பார்ப்பதில்லை. தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி சாய்வு நம் ஊருக்குப் போதும். அதைவிடத் தட்டையாக வைத்தால் மழை அழுக்கைக் கழுவாது.

'மே மாத வெயிலில் கொட்டும்' என்பதும் பாதிதான் உண்மை. பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மே மதியத்தில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். தளத்தோடு ஒட்டிப் பொருத்தாமல் அடியில் காற்றோட உயர்த்தி வைப்பது அதற்காகத்தான்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, லைன் இல்லாதபோது, ஈபி லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. மின்வெட்டுக்காகவே சோலார் போடுபவர்கள் இதைப் பிறகுதான் அறிகிறார்கள். ஈபி லைனோடு பேட்டரியையும் சேர்த்த ஹைபிரிட் அமைப்பு போட்டால் செலவு வெகுவாக ஏறும். எப்போதாவது ஒரு மணி நேரம் போகிற ஊரில், வீட்டிலிருக்கும் பழைய பேட்டரி இன்வெர்ட்டரே மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதும்.

கொட்டேஷன்

மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். விலை குறைவாகச் சொல்பவர் எதைக் குறைத்திருக்கிறார் என்று பாருங்கள். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருந்தால்தான் மானியம். வெளிநாட்டு செல் கொண்ட பேனல் மலிவு, ஆனால் 78,000 போய்விடும். ஸ்டாண்டு வெறும் பெயிண்ட் அடித்த இரும்பா, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜிஐயா? கடலோரமென்றால் போல்ட் நட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். ஏசி மின்சுற்று, டிசி மின்சுற்று, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி, சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) பாதுகாப்பு, நெட் மீட்டர் செலவு ஆகியவை எழுத்தில் இருக்கட்டும். தளத்தில் துளை போடுவார்களா, போட்டால் நீர்க்கசிவுக்கு யார் பொறுப்பு? ஏற்கெனவே ஒழுகும் தளமென்றால் தட்டோடு பதிக்கும் வேலையை முதலில் முடியுங்கள். பேனல் ஏறியபின் அதைச் செய்ய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

மானியம் விலையில் முன்கூட்டியே கழிவதல்ல. முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும் அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும். இயக்கத்துக்கு வந்தபின்தான் அது உங்கள் கணக்குக்கு வரும். ஈபி இணைப்பு காலமான அப்பா பெயரில் கிடந்தால் விண்ணப்பம் அங்கேயே முட்டி நிற்கும். பெயர் மாற்றத்தை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.