நவூரு கொடியை வரையும்போது எங்கே சறுக்குகிறோம்?

பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டரே உள்ள நவூருவின் கொடி பார்க்க ரொம்ப எளிது. கருநீலத் துணி, நடுவில் குறுக்காக மெல்லிய மஞ்சள் கோடு, கீழே ஒரு வெள்ளை நட்சத்திரம். எளிது என்பதாலேயே பலரும் அலட்சியமாக வரைந்துவிடுகிறார்கள்.

அதிகம் தப்பாவது நட்சத்திரத்தின் இடம்தான். அழகுக்காக அதை நடுவில் வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் கோட்டின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். உண்மையில் இந்தக் கொடி ஒரு வரைபடம். மஞ்சள் கோடு பூமத்திய ரேகை, நட்சத்திரம் நவூரு தீவு. ரேகைக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் தீவு இருப்பதால், நட்சத்திரம் கோட்டுக்குக் கீழேதான் வரவேண்டும், அதுவும் கொடிக்கம்பத்தின் பக்கமாக. 'ஒரு டிகிரி தெற்கு' என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது தோராயக் கணக்கு. உள்ளபடி அரை டிகிரியைச் சற்றே தாண்டும். மஞ்சள் கோட்டைச் சர்வதேசத் தேதிக் கோடு என்று சொல்வதும் தவறு. அது வடக்கு தெற்காகப் போகிற கோடு.

அடுத்தது முனைகள். கைப்பழக்கத்தில் ஐந்து முனை போட்டுவிட்டால் கொடியின் பொருளே போய்விடும். முனைகள் 12, தீவின் 12 ஆதிக் குலங்களுக்காக. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்வது அங்கே வழக்கம். 20ஆம் நூற்றாண்டில் இரண்டு குலங்கள் அற்றுப்போயின; ஆனாலும் நட்சத்திரத்தில் அவற்றின் முனைகள் இன்றும் இருக்கின்றன. இந்தக் கொடியில் என்னை மிகவும் தொடுவது இதுதான். மாவட்டங்கள் 14 ஆயிற்றே என்று சிலர் குழம்புவார்கள். குலம் வேறு, மாவட்டம் வேறு. வரைவதற்கு ஒரு வழி: கடிகார முகம்போல வட்டத்தில் 12 புள்ளி வைத்து, உள்ளே இன்னொரு சின்ன வட்டத்தில் இடைப்புள்ளிகள் வைத்து மாற்றி மாற்றி இணைத்தால் முனைகள் சீராக வரும்.

வினாடி வினாக்களில் கரீபியன் தீவான குராசோவின் கொடியை நவூரு என்று சொல்லிவிடுவதும் உண்டு. அதிலும் நீலமும் மஞ்சள் கோடும்தான். ஆனால் அங்கே ஐந்து முனை நட்சத்திரங்கள் இரண்டு, மேல் மூலையில் இருக்கும்.

அப்புறம், ஏற்றும்போது தலைகீழாகக் கட்டிவிடாதீர்கள். 1968 ஜனவரி 31இல் விடுதலை பெற்ற அன்றே ஏற்றுக்கொண்ட கொடி இது. தலைகீழாகப் பறந்தால் தீவு ரேகைக்கு வடக்கே போய்விடும்.