மோர்ஸ் எழுத்தை உடைக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கான தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அவ்வப்போது என் வீட்டுக்கு வந்து, எழுத்துகளைப் புள்ளி (குறுகிய ஒலி), கோடு (நீண்ட ஒலி) என்று அனுப்பும் மோர்ஸ் கீ தட்டிக் காட்டுவார்கள். நாங்கள் பழகிய காலத்துத் தவறுகளே இன்றும் வருகின்றன. புள்ளிக்குப் பதில் கோடு அடிப்பதெல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

எழுத்துக்குள் இடைவெளி

இது மட்டும் எனக்கு இன்றும் பொறுக்காது. புள்ளியின் நீளம் 1 என்றால் கோடு 3. ஒரே எழுத்துக்குள் வரும் இடைவெளி 1, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே 3, சொற்களுக்கு நடுவே 7. எழுத்து எங்கே முடிகிறது என்பதைக் கேட்பவருக்குச் சொல்வது இந்த மௌனம்தான்.

இந்திய ஹாம்களின் கால்சைன் (வானொலியில் அவர்களுக்கான அடையாளக் குறி) பெரும்பாலும் 'வி', 'யூ' என்று தொடங்கும். 'வி' என்றால் மூன்று புள்ளி, ஒரு கோடு. பெரம்பூரிலிருந்து வந்த தம்பி இரண்டு புள்ளி அடித்துவிட்டு அட்டவணையைப் பார்த்தான், அப்புறம் ஒரு புள்ளியும் கோடும் அடித்தான். நான் 'ஐ', 'ஏ' என்று எழுதினேன். "அண்ணா, 'வி' தானே அடிச்சேன்?" என்றான். போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினேன். அவனும் 'ஐ', 'ஏ' என்றே எழுதினான். மூன்றாவது புள்ளிக்குப் பின் தயங்கியிருந்தால் 'எஸ்' (S), 'டி' (T) ஆகியிருக்கும்.

ஹாம் உரிமத்தின் ஜெனரல் கிரேடு தேர்வுக்கு நிமிடத்துக்கு 8 சொல் போதும் என்பதால் எழுத்தையே இழுத்து அடிக்கிறார்கள். கை அப்படிப் பழகிவிட்டால் பின்னால் ஒவ்வொரு எழுத்தையும் முதலிலிருந்து மாற்ற வேண்டும். மாதங்கள் வீணாகும். எழுத்தை 15 சொல் வேகத்திலேயே அடியுங்கள். புள்ளிக்கு 80 மில்லிவினாடி, முழு 'வி'க்கு முக்கால் வினாடிகூட ஆகாது. நிதானம் வேண்டுமென்றால் அடுத்த எழுத்துக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் நில்லுங்கள். மிருதங்கம் பழகுபவர் 'தகதிமி'யை ஒரே மூச்சில் சொல்வதுபோல் 'டிடிடிடா' என்று முதலில் வாயால் சொல்லுங்கள். அது வாயில் பிசகாமல் வந்த பிறகு கீயைத் தொடுங்கள்.

அட்டவணையைச் சுவரில் ஒட்டுவது

கிழித்துவிடுங்கள்.

விரலால் குத்துவது

முழங்கை மேசையில் இருக்கட்டும், மணிக்கட்டு அசையட்டும்.

காண்டாக்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பது

சென்னை ஈரக்காற்றில் காண்டாக்ட் (கீயை அழுத்தும்போது ஒன்றையொன்று தொடும் உலோக முனைகள்) மங்கும், புள்ளிகள் விட்டுப்போகும். உப்புத்தாள் பரப்பைக் கீறிவிடும். வெள்ளைத்தாளை நடுவில் வைத்து, கீயை மெல்ல அழுத்தி இழுத்தால் போதும்.