வாடைக் கடலுக்கு மரம் கட்டுவதும் கரை சேர்ப்பதும்

வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, வீசும் கார்த்திகை, மார்கழியில் கட்டுமரம் மூழ்கி யாரும் சாவதில்லை. கட்டு நெகிழ்ந்து தடிகள் பிரியும்; இல்லையென்றால் திரும்பும்போது கரையலையில் மரம் புரளும். கவனம் முழுக்க இந்த இரண்டில்தான் இருக்க வேண்டும்.

ஒருவர் போக அல்பீசியா என்ற லேசான மரத்தின் மூன்று தடிகள் போதும். 5.5 மீட்டர் நீளமும் 25 செ.மீ. விட்டமும் உள்ள ஒரு தடி, அணியம் (முன்முனை) செதுக்குமுன், ஏறக்குறைய 270 லிட்டர் தண்ணீரை விலக்கும். நன்றாகக் காய்ந்தது 80, 90 கிலோதான் இருக்கும்; ஊறிவிட்டால் எடை கூடக்கூட மரம் தாழ்ந்து, ஒவ்வொரு அலையும் மேலே ஏறும். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்துக் காயப்போடுவது இதற்காகத்தான். மழை நாட்களில் காயாது, அதனால் இரண்டு செட் தடி வைத்திருப்பது நல்லது.

தடிகளை போல்ட் போட்டு இணைக்கவே கூடாது. அலையில் தடிகள் அசைந்துகொண்டே இருக்கும். துளை பெரிதாகி, தண்ணீர் இறங்கி, அங்கேயே பிளக்கும். கயிறு அசைவுக்கு இடம் கொடுக்கும். 12 மி.மீ. நைலான் கயிறு என்றால் முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டுங்கள். நனைந்தால் நீளும் கயிறு அது; காய்ந்த கயிற்றால் கட்டியது கடலில் தொளதொளத்துவிடும். அணியத்திலும் பின்தலையிலும் (பின்முனையிலும்) மேலும் கீழும் குறுக்குக்கட்டை வைத்து, ஆறேழு சுற்று இறுக்கி, தடிகளுக்கு இடையே மூன்று சுற்று நெருக்கிக் கட்டவும். கடைசியில் கயிற்றுக்கும் தடிக்கும் நடுவே மர ஆப்பு அடிக்க வேண்டும். கட்டின் மேல் நின்று குதித்துப் பார்க்கையில் ஆப்பு அசைந்தால் மறுபடி கட்டுங்கள்.

திருநெல்வேலி மாவட்டத்தில் உவரி முதல் கூட்டப்புளி வரை கரை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகப் போகிறது. வாடை கரையை ஒட்டியே தள்ளும். ஆகவே தெம்பிருக்கும் விடியலில் காற்றை எதிர்த்து வடகிழக்கே போய்த் தொழில் பாருங்கள். திரும்பக் காற்றே கொண்டுவரும். உவரியிலிருந்து மாற்றிச் செய்தவர்கள் தென்மேற்கே கூத்தங்குழியோ இடிந்தகரையோ போய்த்தான் ஏறுவார்கள்.

பாரின்மேல் (கடலடிப் பாறைமேல்) நிறுத்தினால் நங்கூரக் கல்லை அணியத்தில் மட்டும் கட்டுங்கள். பத்துப் பாக (ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர்) ஆழத்துக்கு ஐம்பது பாகம் கயிறு விட வேண்டும். குறைந்தால் அலை தூக்கும்போது அணியம் தலைகுப்புற இழுபடும். விளமீனுக்கு இரண்டு முள் (தூண்டில் கொக்கி) போதும். ஏழெட்டு முள் தொங்கவிட்டால் ஆட்டத்தில் தங்கூசி (தூண்டில் நரம்பு) சிக்கி, அவிழ்ப்பதற்குள் பக்கவாட்டில் அலை அறையும். துடுப்பை மரத்தோடு கயிறு போட்டு வைக்கவும். மிதவைச் சட்டை போடாமல் இறங்க வேண்டாம்.

கரையேறுவதுதான் கடினம். அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று பத்து நிமிடமாவது பாருங்கள்: பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு சற்று ஓயும். கூட்டத்தின் கடைசி அலை உடைந்ததும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே துடுப்பு வலிக்க வேண்டும். அலையின் முகத்தில் ஏறினால் அணியம் மண்ணில் குத்தும். உடல் எடை பின்தலைப் பக்கம் இருக்கட்டும். புரளப்போகிறது என்றால் கடல் பக்கமாகக் குதியுங்கள். கரைப் பக்கம் விழுந்தவர்மேல் மரம் வந்து மோதும்.

வானிலை மையம் 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ.' என்று சொன்ன நாளில் மரத்தைத் தொட வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல்சின்னம் இந்தக் கடலில் ஒரே நாளில் புயலாக வலுத்தது. கடலோரக் காவல்படையின் எண் 1554. தண்ணீர் புகாத உறையில் போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பையில் வைத்தால் மரம் புரளும்போது பை போய்விடும்.