கனெக்டர் மாட்டும்போது செய்யும் தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய லயத்து வீடு. "தம்பி, மூணு நாளா மீன் கவிச்சி அடிக்குது. கூரையில எலி செத்துக் கிடக்கும்போல" என்று பாட்டி கூப்பிட்டார். பலகையைத் தூக்கிப் பார்த்தேன், எலி இல்லை. வாட்டர் ஹீட்டருக்குப் போகும் கம்பியில், இரண்டு கம்பிகளைத் திருகி இணைக்கும் ஒரு வெள்ளைக் கனெக்டர், தேன் நிறத்துக்கு மாறி, ஒரு பக்கம் உருகிக் குழைந்திருந்தது. பிளாஸ்டிக் சூடேறினால் சில நேரம் அந்த வாடை வரும். மீன் வாங்காத நாளில் மீன் வாடை அடித்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அது 5 ஆம்பியர் கனெக்டர். ஹீட்டர் 3.6 கிலோவாட், 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். கம்பி 4 சதுர மில்லிமீட்டர், ஏழு இழை. துளைக்குள் சிரமப்பட்டு நுழைந்ததால் மாட்டியவர் இரண்டு இழைகளை வெட்டிவிட்டார். கம்பி பெரிதாக இருந்தால் பெரிய கனெக்டர் வாங்க வேண்டும், கம்பியைச் சிறிதாக்கக் கூடாது. கடையில் எல்லாம் ஒரே மாதிரிப் பட்டையாகத்தான் தெரியும். ஆம்பியரும் கம்பி அளவும் கேட்டு வாங்குங்கள்.

"பிரேக்கர் ஏன் விழலை?" என்று பாட்டியின் மகன் கேட்டார். நியாயமான கேள்வி. பிரேக்கர் கூடுதல் மின்னோட்டத்தைப் பார்க்கும், ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் மின்கசிவைப் பார்க்கும். திருகு தளர்ந்த இணைப்பில் இரண்டும் இல்லை. ஓடுவது அதே 15 ஆம்பியர்தான். ஆனால் அந்தத் தளர்ச்சியில் 0.1 ஓம் தடை வந்தாலே 22.5 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்னின் சூடு அது, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள்! இதனால்தான் இந்த இணைப்புகள் விஷயத்தில் எனக்கு இவ்வளவு பயம்.

தளர்வது எதனால்? உறையைச் சரியாக உரிக்காமல் திருகினால், திருகு செம்பைப் பிடிக்காமல் உறையைப் பிடிக்கும். கூடுதலாக உரித்தாலோ செம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதுவும் ஆபத்து. பல இழைக் கம்பியின் நுனியில் ஈயம் பூசுவதைப் பலர் நல்ல வேலை என்று நினைக்கிறார்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், சில மாதத்தில் திருகு ஆடும். ஈயத்துக்குப் பதில் ஃபெரூல் என்ற சிறு குழாயை மாட்டி நசுக்குங்கள். அலுமினியத்தையும் செம்பையும் சாதாரண கனெக்டரில் சேர்க்க வேண்டாம். திருகிய பிறகு ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பாருங்கள்.

திருகுக்குப் பதில் சின்னப் பிடியை மடக்கிக் கம்பியைப் பிடிக்கும் லீவர் வகை எனக்குப் பிடிக்கும். வாகோ 221 வகையில் 4 சதுர மில்லிமீட்டர் கனெக்டருக்கு 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும், ஒரு துளைக்கு ஒரே கம்பி. கூடு கண்ணாடிபோல இருப்பதால் கம்பி உள்ளே போனது தெரியும்.

அப்புறம், பெட்டிக்குள் வைக்காமல் டேப் சுற்றிக் கூரையில் விடுவது. பல்லியும் எறும்பும் குடியேற அதுவே போதும். மூடியுள்ள ஜங்ஷன் பெட்டி சில வெள்ளிதான்.

நிலையான வயரிங்கை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனிடமே கொடுங்கள். பாட்டி வீட்டில் நாங்கள் கனெக்டரே போடவில்லை. பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து ஹீட்டர் சுவிட்ச்வரை இடையில் வெட்டாமல் புதுக் கம்பி இழுத்தோம், 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வைத்தோம்.