எச்.ஆர். மென்பொருளை ஊழியர்கள் ஏன் தொடுவதில்லை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீவ், சம்பளச் சீட்டு போன்றவற்றைக் கவனிக்கும் எச்.ஆர். (மனிதவள) மென்பொருள் வாங்கியாயிற்று, பயிற்சி கொடுத்தாயிற்று, சுற்றறிக்கையும் போயாயிற்று. ஆனாலும் லீவ் விண்ணப்பம் மின்னஞ்சலில்தான் வருகிறது. உடனே "நம்ம ஆட்களுக்குக் கம்ப்யூட்டர் வராது" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு.

ஊழியர் மனதில் ஓடுவது இரண்டு கேள்விகள்: இது என் வேலைக்கு உதவுமா, பயன்படுத்தச் சுலபமா? மக்கள் தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், பயன்பாட்டோடு அதிகம் ஒட்டிப் போனது முதல் கேள்விதான். நிறுவனங்களோ திரையை அழகாக்குவதிலேயே பணத்தைக் கொட்டுகின்றன.

உதவாது என்ற எண்ணத்தைப் பெரும்பாலும் தப்பான தரவுதான் உண்டாக்குகிறது. பழைய எக்செல் கோப்பிலிருந்து லீவ் கணக்கை ஏற்றும்போது, போன வருஷத்து மீதி நாட்கள் விட்டுப்போகும். 14 நாள் மீதியுள்ளவருக்குத் திரை 9 என்று காட்டினால், அடுத்த முறை அவர் நேராக எச்.ஆருக்குப் போன் போடுவார். பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொல்லிவைப்பார். எனவே தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் அவரவர் லீவ் கணக்கையும் சொந்த விவரங்களையும் காட்டி, பிழை சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். திருத்தி முடித்த பிறகு திறந்துவிடலாம்.

இன்னொரு சத்தமில்லாத வில்லன், 'மேலாளர் யார்' என்ற கட்டம். அது பழசாக இருந்தால் விண்ணப்பம் எப்போதோ வேலையை விட்டுப்போனவர் கணக்கில் போய்த் தூங்கும். ஊழியர் கண்ணில் படுவது 'நிலுவை' மட்டும். ஆள் மாறிய அன்றே கட்டத்தையும் மாற்றுங்கள். இரண்டு வேலைநாளில் ஒப்புதல் வராவிட்டால் தானாக அடுத்த அதிகாரிக்குப் போகும்படி அமையுங்கள்.

பழைய வழியை மூடாமல் விடுவதும் தவறு. "வாட்ஸ்அப்ல சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு மேலாளர் சொன்னால் போதும், அந்தக் குழுவே திரையை மறந்துவிடும். ஆகவே மேலாளர்களை முதலில் பழக்குங்கள். மின்னஞ்சல் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வையுங்கள். ஆனால் கம்ப்யூட்டரே இல்லாத இயந்திரப் பிரிவுக்கும் அதே தேதி என்பது அநியாயம். அங்கே முதலில் பொதுக் கணினி ஒன்று வரட்டும், அதில் தானாக லாக்-அவுட் ஆகும் வசதியும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுக்கொடுத்தால் பாதி மறந்துபோகும். லீவும் சம்பளச் சீட்டும் முதலில். மதிப்பீட்டுப் படிவம் அதற்கான மாதத்தில்.

மருத்துவச் சான்றிதழை யார் யார் பார்ப்பார்கள் என்று தெரியாவிட்டால் யாரும் பதிவேற்ற மாட்டார்கள். பதிவேற்றும் பட்டனுக்குக் கீழேயே அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, லாகின் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். சம்பள நாளில் எல்லோரும்தான் உள்ளே வருவார்கள். மொத்த லீவ் விண்ணப்பங்களில் எத்தனை மென்பொருள் வழியே வந்தன, எத்தனை பேர் எந்தப் பக்கத்தில் பாதியிலேயே விட்டுப்போனார்கள், எந்தக் கேள்வி திரும்பத் திரும்பப் போனில் வருகிறது என்று மாதாமாதம் எண்ணுங்கள்.